மடியில் பிள்ளையுடன் மருத்துவர் முன்: துணைநிற்கும் பணியின் நுட்பங்கள்

பொது மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில், அதாவது படுக்கையில் சேராமல் பார்த்துவிட்டுத் திரும்புவோருக்கான, மும்பையில் எல்லோரும் ஓ.பி.டி. என்றே சொல்லும் பகுதியில், தாய்மாரோடு வந்து அமர்ந்திருக்கும் சிறு பிள்ளைகளுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. கேஸ் பேப்பர் எனப்படும் நோயாளர் குறிப்புத்தாளில் பெயர், வயது, முகவரி, முன்பிருந்த நோய்கள் எல்லாம் எழுதப்படுகின்றன. இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு அப்பெண் வந்திருக்கிறார் என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. ஆயினும், மருத்துவரின் கேள்விக்கு அவர் எவ்வளவு பதில் சொல்கிறார், எழுதித்தந்த பரிசோதனையை அன்றே முடிக்கிறாரா அல்லது தள்ளிப்போடுகிறாரா, அடுத்த தேதிக்கு வருகிறாரா என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தப் பிள்ளைதான். தாராவி, சயான், சுனாபட்டி வட்டாரத்தில் இத்தகைய தாய்மாருக்குத் துணையாகச் செல்லும் ஆரோக்கிய சேவிகைகள், அதாவது வீடுவீடாகச் சென்று உடல்நலம் விசாரிக்கும் மாநகராட்சித் தொண்டர்கள், இப்பணியில் காலப்போக்கில் தெளிந்துகொள்வது ஒன்றுண்டு: பிள்ளை அழாமல் இருந்ததா என்று பார்த்து அந்த நாளை மதிப்பிடக் கூடாது, தாய் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தாரா என்பதே அளவுகோல்.

பிள்ளையை ஏன் அழைத்து வருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இவ்வட்டாரக் குடும்பங்களின் அமைப்பிலேயே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களும், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் அலுவலக வேலைக்கென வந்து தங்கியவர்களும், பிறகு வாடகை தாங்கும் இடம் தேடிச் சுனாபட்டிப் பக்கம் நகர்ந்தவர்களும் பெரும்பாலும் தனிக்குடும்பங்களாகவே வாழ்கின்றனர். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஊரில் இருக்கிறார், கணவருக்கு விடுப்பு என்றால் அன்றைய கூலி இல்லை, பக்கத்து வீட்டு அக்கா ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வாரே தவிர அரைநாள் பார்த்துக்கொள்ள அவருக்கும் வேலை விடாது. அங்கன்வாடி, இப்பகுதி வழக்கில் பால்வாடி, சில மணி நேரத்தில் முடிந்துவிடும்; ஓ.பி.டி.யோ காலையில் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுப்பதில் தொடங்கி, மருத்துவர், இரத்தப் பரிசோதனை, மருந்து வாங்கும் ஜன்னல் என்று நீண்டு பிற்பகலைத் தொட்டுவிடும். எனவே பிள்ளையோடு வருவதைக் கவனக்குறைவாகக் கொள்வது தவறு. வேறு வழிகளை எல்லாம் எண்ணிப் பார்த்து எடுத்த முடிவு அது. இந்தப் புரிதல் இல்லாத துணை, வாசலிலேயே தாயைக் குற்றவாளியாக்கிவிடும்.

இவ்வட்டாரத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சயான் ஆஸ்பத்திரிதான். லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை என்ற முழுப்பெயர் கொண்ட அது 1947இல் ராணுவக் கொட்டகைகளில் சில படுக்கைகளோடு தொடங்கி, 1964இல் மருத்துவக் கல்லூரியையும் பெற்றது. பச்சிளங்குழந்தை மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சியால் 1989இல் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அங்கேதான் அமைந்தது. பின்னாளில் அவர் 1999இல் தொடங்கிய ஸ்நேஹா அமைப்பு தாராவியில் தாய் சேய் நலத்திற்காகத் தொடர்ந்து உழைத்துவருகிறது. தாயையும் பிறந்த குழந்தையையும் பிரிக்கக்கூடாத ஓர் அலகாகக் காணும் மரபு இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. அந்த மரபு பிரசவ அறையில் வேரூன்றிய அளவுக்குப் புறநோயாளர் வரிசைக்கு வந்துசேரவில்லை என்பதும், மூன்று வயதுப் பிள்ளையும் தாயிடமிருந்து எளிதில் பிரிக்கமுடியாததே என்பதும்தான் இப்பணி தொடங்கும் இடம்.

மருத்துவரின் மேசைக்கு எதிரில் கிடைக்கும் நேரம் மிகச் சிறியது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவரிடம் ஒரு நோயாளி பெறும் சராசரி நேரம் ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல், வங்கதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். இந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை ஒருமுறை மேசைமேல் உள்ள ஸ்டெதஸ்கோப்பை இழுப்பதும், அதைத் தாய் தடுப்பதும், அழுகையை அடக்குவதும் பாதியை விழுங்கிவிடுகின்றன. மிச்சப் பாதியில் தாய் செய்வது கவனிக்கத்தக்கது: எளிதாகச் சொல்லக்கூடிய தொல்லையை முதலில் சொல்லி, சொல்லக் கூசும் தொல்லையைக் கடைசிக்கு வைத்து, கடைசி வருவதற்குள் எழுந்துவிடுகிறார். இடுப்பு வலி, தலைச்சுற்றல், களைப்பு ஆகியவை சீட்டில் ஏறுகின்றன. வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நில்லாமல் போவது, மார்பில் தட்டுப்படும் கட்டி, வீட்டில் வாங்கிய அடி ஆகியவை அவரோடு வீட்டுக்கே திரும்புகின்றன. அடுத்த முறை அவர் வரும்போது அந்தத் தொல்லை முற்றியிருக்கும், சீட்டிலோ அதற்குச் சுவடே இருக்காது.

ஆகவே துணைசெல்வோர் முதலில் பழக்குவது தாயைத்தான். பிள்ளையைப் பழக்குவது பிறகே. வரிசையில் காத்திருக்கும்போது, "அக்கா, உள்ளே போனதும் முதல் பேச்சு என்ன?" என்று கேட்டு, மிக முக்கியமான தொல்லை எதுவோ அதை ஒரே வாக்கியமாக்கி, எத்தனை நாளாக இருக்கிறது என்பதையும் அதோடு சேர்த்து, இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லவைப்பது வழக்கம். பிள்ளை பிறகு எவ்வளவு கத்தினாலும் அந்த முதல் வாக்கியம் மருத்துவரின் காதில் விழுந்துவிட்டிருக்கும். உள்ளே செல்லும்போது பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து பிடுங்குவதும் பிழையே. பழக்கமில்லாத அறையில், பழக்கமில்லாத கைகளில், தாய் கதவுக்குப் பின்னால் மறைவதைப் பார்க்கும் பிள்ளையின் அழுகை கதவைத் தாண்டிக் கேட்கும், அதைக் கேட்ட தாயின் மனம் மருத்துவரின் கேள்வியில் நிற்காது. தாயின் முகம் தெரியும்படியாகக் கதவருகே பிள்ளையோடு நிற்பதும், உடலைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனைக்குத் திரை இழுக்கும்போது மட்டும் வெளியே நகர்வதும் பெரும்பாலும் நல்ல பலன் தருகின்றன. பிள்ளையின் கையில் ஒரு பொறுப்பைத் தருவதும் உதவும்: எக்ஸ்ரே உறையைச் சுமப்பது, நம்பர் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து கூப்பிடும்போது நீட்டுவது போன்ற சிறு வேலை கிடைத்த நாலு வயதுப் பிள்ளை அதை விட்டுவிட்டு எளிதில் ஓடாது.

பரிசோதனைகளுக்கு ஏற்பவும் முன்னேற்பாடு மாறும். காலி வயிற்றில் எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்குப் பிள்ளையோடு வரும் தாய்மாரின் முடிவுகள் சில நேரம் குழப்பம் தருவதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு: பிள்ளைக்கு ஊட்டிய இட்லியில் மிஞ்சிய வாயை வீணாக்க மனமில்லாமல் தாய் தன் வாயில் போட்டுக்கொள்கிறார், அதைச் சாப்பாடு என்று அவரே கணக்கில் வைப்பதில்லை, கேட்டால் ஒன்றும் சாப்பிடவில்லை என்றே சொல்கிறார். எனவே அன்று பிள்ளைக்கு ஊட்டும் வேலை வேறொருவருக்கு, அல்லது பிள்ளை தானே கையில் பிடித்துத் தின்னும் பிஸ்கட்டும் பழமும். கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்கும் பரிசோதனை காலி வயிறை வேண்டுவதில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் தாய் பிள்ளையின் பின்னால் ஓடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், குடித்ததை வாந்தியெடுத்துவிட்டால் மீண்டும் ஒருநாள் வரவேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் செய்யும் சோனோகிராஃபி, அதாவது ஒலியலைகளைக் கொண்டு வயிற்றின் உள்ளே பார்க்கும் பரிசோதனை, நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக் காத்திருக்கச் சொல்வது. நிரம்பிய அடிவயிற்றின் மேல் பத்துப் பன்னிரண்டு கிலோ பிள்ளை ஏறி உட்காரும் நிலையை எந்த அறிவிப்புப் பலகையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சோனோகிராஃபி அறைக்குள் மூத்த பிள்ளை வருவதில் கதிர்வீச்சு ஆபத்து எதுவுமில்லை. ஆனால் அங்கே ஒரு கேள்வி தவறாமல் எழும். திரையில் ஏதோ அசைவதைப் பார்த்ததும் பிள்ளை, "தம்பியா, தங்கச்சியா?" என்று கேட்கும். கருவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ வேறெந்த வகையிலோ தெரிவிப்பதை 1994ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்குகிறது. அதற்கு முன்பே 1988இல் இத்தகைய சட்டத்தை இயற்றிய முதல் மாநிலம் மகாராஷ்டிரம். ஆகையால் மருத்துவர் பேசாமல் இருப்பார், சிலர் முகத்தைக் கடுமையாக்கிக்கொள்வார், அந்தக் கடுமையைப் பிள்ளை தன்மேல் விழுந்த கோபமாக எடுத்துக்கொள்ளும், தாயோ தானே சொல்லிக்கொடுத்துக் கேட்கவைத்ததாக நினைத்துவிடுவார்களோ என்று கூசிப்போவார். "பாப்பா பிறந்த பிறகுதான் யாருன்னு தெரியும், டாக்டரும் சொல்லக்கூடாது" என்று வெளியிலேயே பிள்ளைக்குச் சொல்லிவைத்தால் இந்தக் கூச்சம் எவருக்கும் நேராது.

பிள்ளைக்குத் தரக்கூடாத வேலை ஒன்று உண்டு என்றால் அது மொழிபெயர்ப்பு. தமிழ் மட்டுமே சரளமாகப் பேசும் தாயும், இந்தியிலும் மராத்தியிலும் கேட்கும் மருத்துவரும் எதிரெதிரே அமரும்போது, மாநகராட்சிப் பள்ளியில் இந்தியும் மராத்தியும் பழகிய ஏழெட்டு வயதுப் பிள்ளையின் பக்கம் இருவருமே திரும்புகின்றனர். பல குடும்பங்களில் பிள்ளையை அழைத்து வருவதற்கே இதுதான் காரணம். பிள்ளை பிழையாக மொழிபெயர்த்துவிடும் என்பது இதிலுள்ள சிறிய தீங்கு. பெரிய தீங்கு தாயின் பக்கத்தில் நேர்கிறது: மகனின் வாய் வழியாகப் போகவேண்டும் என்பதால் மாதவிலக்கையும் கருக்கலைவையும் பற்றி அவர் பேசவே மாட்டார், பேசினாலும் வயிற்று வலி என்று மழுப்பிவிடுவார். மருத்துவர் சொல்லும் கடினமான செய்தி பிள்ளையின் காதில் முதலில் விழுந்து, தாயிடம் அதை எப்படிச் சொல்வது என்ற சுமையும் அந்தச் சிறு தோளில் ஏறிவிடுவது மற்றொரு தீங்கு.

மாற்று வழிகள் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன. தமிழ் புரிந்துகொள்ளும் மலையாள சிஸ்டர்கள் மும்பையின் மருத்துவமனைகளில் அரிதல்லர். மாவ்ஷி என்று அழைக்கப்படும் ஆயாக்களிலும் தாராவித் தமிழ்ப் பெண்கள் இருப்பதுண்டு. அதுவும் இல்லையென்றால், இந்தி தெரிந்த தங்கையையோ நாத்தனாரையோ கைப்பேசியில் அழைத்து மருத்துவரிடம் பேசவைக்கலாம். இவற்றோடு, சக்கர் என்றால் தலைச்சுற்றல், ஜலன் என்றால் எரிச்சல், சஃபேத் பானி என்றால் வெள்ளைப்படுதல், மராத்தியில் பாளி என்றால் மாதவிலக்கு என இன்றியமையாத நான்கைந்து சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொடுத்துவிட்டால், தாய் தன் வாயாலேயே தொடங்கிவைக்கிறார். மிச்சத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது மருத்துவரின் வேலையாகிவிடுகிறது.

பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதும் கற்றுத் தேறவேண்டிய ஒன்று. தமிழ் வீடுகளில் மருத்துவரின் பெயர் பெரும்பாலும் மிரட்டலாகத்தான் பிள்ளைக்கு அறிமுகமாகிறது: சேட்டை செய்தால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்று சோறூட்டும்போதும் தூங்கவைக்கும்போதும் கேட்டு வளர்ந்த பிள்ளை, தாயின் கையில் ஊசி ஏறுவதைப் பார்க்கும்போது அதைத் தண்டனையாகவே வாசிக்கிறது. சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில், தவறு செய்தால் உலகமே தானாகத் தண்டித்துவிடும் என்று சிறு பிள்ளைகள் நம்புவதை எடுத்துக்காட்டி, அதற்கு உள்ளார்ந்த நீதி என்று பெயரிட்டார். தாயின் நோய்க்குத் தன் சேட்டைதான் காரணம் என்று நாலைந்து வயதுப் பிள்ளை முடிவுகட்டுவதும், வீட்டில் அளவுமீறி அடங்கிப்போவதும் இந்த நம்பிக்கையின் விளைவுகளே. எனவே முதல்நாள் இரவே மூன்று செய்திகள் பிள்ளைக்குத் தெரிந்திருப்பது நல்லது: அம்மாவின் நோய்க்கு ஒரு பெயர் உண்டு, அது பிள்ளை செய்த எதனாலும் வந்ததன்று, நாளை யார் பக்கத்தில் இருப்பார், யார் சாப்பாடு தருவார். இதற்கு மேல் விளக்கம் பிள்ளை கேட்டால் மட்டும் போதும். இரத்தம் எடுக்கும்போது அருகில் நிற்க விரும்பும் பிள்ளையைத் தாயின் மறுகைப் பக்கம் நிறுத்தலாம், விரும்பாததை வற்புறுத்தத் தேவையில்லை. வலிக்காது என்ற பொய் மட்டும் கூடாது, ஏனெனில் தாய் முகம் சுளித்த கணத்தில் அது வெளுத்துவிடும்.

பிள்ளை போகவே கூடாத இடங்களும் உண்டு. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் அறைகளுக்குள் நோயாளியைத் தவிர எவரும் தேவையின்றி நிற்கக்கூடாது, சிறுவரும் கர்ப்பிணிகளும் அறவே கூடாது. இவற்றுக்கான விதிகளை வகுக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983இல் அமைக்கப்பட்டது, அதன் தலைமையகம் செம்பூரை ஒட்டிய அணுசக்தி நகரில் இருக்கிறது. எம்.ஆர்.ஐ. அறையில் கதிர்வீச்சு இல்லை, ஆனால் எப்போதும் இயங்கும் வலிய காந்தம் உண்டு. 2018 ஜனவரியில் மும்பையில் உறவினருக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அவ்வறைக்குள் சென்று உயிரிழந்த பிறகும், பிள்ளையின் பாக்கெட்டில் உள்ள இரும்புப் பொம்மையை எவரும் எளிதில் நினைப்பதில்லை. தைராய்டு நோய்க்குக் கதிரியக்க அயோடின் தரப்படும் தாய், பரேலில் பாபா அணு ஆராய்ச்சி மையம் 1963இல் நிறுவிய கதிர்வீச்சு மருத்துவ மையம் போன்ற இடங்களில் சிகிச்சை பெற்றுத் திரும்பியபின், மருத்துவர் சொல்லும் நாட்கள்வரை பிள்ளையை மடியில் வைக்கவோ உடன் படுக்கவைக்கவோ கூடாது. அந்த அயோடினின் வீரியம் பாதியாகக் குறையவே எட்டு நாள் ஆகும். இங்கு துணையின் வேலை மருத்துவமனையில் முடிவதில்லை. அந்த நாட்களுக்குப் பிள்ளை எந்த வீட்டில் இருக்கும் என்பதை மருந்து குடிப்பதற்கு முன்பே முடிவுசெய்தாக வேண்டும்.

காத்திருக்கும் கூடத்தின் காற்றும் ஒரு காரணி. 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையில் தட்டம்மை பரவியபோது இது எல்லோருக்கும் விளங்கியது: நோயாளி எழுந்துபோன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அக்கிருமி காற்றில் தங்கக்கூடும், முதல் தடுப்பூசியோ ஒன்பதாம் மாதம் முடிந்த பிறகே போடப்படுகிறது. ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையைக் கூட்டத்தில் வைத்திருப்பதைக் குறைக்க வேண்டும். பால்குடிக்கும் பிள்ளை என்பதால் விட்டுவரவும் இயலாதபோது, ஹிர்கணி கக்ஷ என்னும் பாலூட்டும் அறை இருந்தால் அங்கே காத்திருந்து, முறை வரும்போது கூப்பிட ஒருவரை வரிசையில் நிறுத்துவதே வழி. சிவாஜியின் ராய்கட் கோட்டைக் கதவு மூடியபின் கைக்குழந்தைக்காகச் செங்குத்துப் பாறையில் இறங்கியதாக மராத்திய மரபுக்கதை சொல்லும் பால்காரப் பெண்ணின் பெயர் அந்த அறைக்கு இடப்பட்டிருக்கிறது.

காசநோய் மட்டும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. நெருக்கமான, காற்றோட்டம் குறைந்த வீடுகளைக் கொண்ட இவ்வட்டாரத்தில் தாய்க்கோ தந்தைக்கோ நுரையீரல் காசநோய் என்று தெரிந்ததும், தொற்றிவிடும் என்ற அச்சத்தில் பிள்ளையை மருத்துவமனைப் பக்கமே விடாமல் வைத்திருப்பது குடும்பங்களின் இயல்பான எதிர்வினை. ஆனால் ஒரே அறையில் உறங்கிய பிள்ளைக்குக் கிருமி முன்பே சென்றிருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு அது விரைவில் நோயாக முற்றவும், மூளைவரை பரவவும் வாய்ப்பு அதிகம். தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டம் அத்தகைய பிள்ளைகளைப் பரிசோதித்து, நோய் இல்லையென்று உறுதிசெய்தபின் தடுப்பு மருந்து தரச் சொல்கிறது. நெடுங்காலமாக வழக்கிலுள்ள முறையில் அது ஆறு மாதம் தினமும் உண்ணும் ஐசோனியாசிட் மாத்திரை. 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் விரித்திருக்கிறது. பெற்றோரின் மருத்துவ நாளில் பிள்ளை கட்டாயம் வந்தாக வேண்டிய தருணம் இதுவே. பிறகு பெற்றோர் மருந்துக்காக வரும் ஒவ்வொரு முறையும் பிள்ளை அந்தக் கூடத்தில் உட்கார வேண்டியதில்லை; பரிசோதனைக்கு ஒருமுறை, மருந்தின் தொடர்கவனிப்புக்குச் சொன்ன நாட்கள், அவ்வளவே. அழைத்து வாருங்கள் என்பதையும் அழைத்து வராதீர்கள் என்பதையும் ஒரே குடும்பத்திடம் வெவ்வேறு நாட்களில் சொல்லவேண்டியிருப்பதால், ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சேர்த்தே சொல்வது அவசியம். காரணம் தெரியாத குடும்பம் தனக்கு வசதியான பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

துணைசெல்வோரின் திறமையால் ஈடுகட்ட முடியாதவையும் உண்டு. 2017ஆம் ஆண்டின் மகப்பேற்றுப் பயன் திருத்தச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும் என்றது. அது அங்கு வேலைசெய்யும் தாயை நினைத்து எழுதப்பட்டது, அங்கு நோயாளியாக வரும் தாய்க்கு அதில் உரிமையில்லை. பெரிய காப்பகம் உடனே அமையாது என்றாலும் செலவில்லாத மாற்றங்கள் சில உடனே இயலும்: சிறு பிள்ளையோடு வந்தவர் என்று கேஸ் பேப்பரின் மூலையில் ஓர் அடையாளம், அதைக் கண்டு இரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் ஒரே நாளில் அமைத்துத் தருதல், ஒரு நோயாளிக்கு ஓர் உறவினர்தான் என்ற விதியில் பிள்ளையை அந்த ஒருவராக எண்ணாதிருத்தல். சளி, காய்ச்சல், இரத்த அழுத்த மாத்திரை போன்றவற்றுக்குப் பெரிய ஆஸ்பத்திரி வரிசைக்கே வராமல், தாராவியின் நகர்ப்புற நல மையத்துக்கோ, 2022 முதல் மாநகராட்சி திறந்துவரும் ஆப்லா தவாகானா என்னும் சிறு மருந்தகங்களுக்கோ, கணவர் வீடு திரும்பும் மாலை வேளை பார்த்துச் செல்வதும் பாதிச் சிக்கலைக் குறைத்துவிடும்.

பயணம் முடிந்து சுனாபட்டி ரயில் நிலையத்திலோ பேருந்து நிறுத்தத்திலோ பிரியும்போது, டாக்டர் என்ன சொன்னார் என்றுதான் எல்லோரும் தாயிடம் கேட்பார்கள். இப்பணியில் தேர்ந்தவர்கள் அதற்கு முன்பாக, "நீங்க சொல்ல நினைச்சது எல்லாம் சொல்லியாச்சா அக்கா?" என்று கேட்கிறார்கள். இல்லை என்ற பதில் வந்தால், சொல்லாமல் விட்டது எதுவோ அதைக் கேஸ் பேப்பரின் பின்பக்கத்தில் அங்கேயே எழுதி, அடுத்த வருகையின் முதல் வாக்கியமாக அதை வைத்து, அன்று பிள்ளை யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுவது வழக்கம்.